கம்ப்யூட்டருக்கு வைத்த பானை

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முந்தி நடந்ததைப் பின்னால் எழுதியிருப்பேன், பின்னால் நடந்ததை முந்தி எழுதியிருப்பேன். கோபித்துக்கொள்ளாமல் படிக்க வேண்டும். நாலு பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் வாய் திறந்து கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

பழனிசெட்டிபட்டியில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். நான், என் மகன், மருமகள். மகன் காய்கறி லாரி ஓட்டுகிறான். கம்பத்தில் லோடு ஏற்றிக்கொண்டு குமுளி வழியாக மலையாளத்துப் பக்கம் போனால் மறுநாள்தான் திரும்புவான். பாதி நாள் வீட்டில் மருமகளும் நானும் மட்டும்தான். அவள் கம்ப்யூட்டரில் வீடு செய்கிறாள். கொச்சியில் இருக்கிற ஒரு ஆபீசுக்காக, இனிமேல் கட்டப்போகிற வீட்டை, கட்டி முடித்துப் பால் காய்ச்சிய மாதிரி படமாக்கி அனுப்புவாள். ஜன்னல் வழியாக வெயில் தரையில் விழுவது வரைக்கும் அதில் தெரியும்.

அந்தப் படம் ஒன்று வெளியே வருவதற்கு மணிக்கணக்காகும். அவள் எல்லாம் வரைந்துவிட்டு ஒரு பட்டனைத் தட்டுவாள். அதற்குமேல் வேலை அவளுக்கு இல்லை, பெட்டிக்குத்தான். "ரெண்டர் ஓடுது அத்தே" என்பாள். அது ஓடும்போது பெட்டிக்குள் இருக்கிற ஃபேன் மாவு மில் மாதிரி இரையும். அவள் வேலை செய்கிற அறையோ மொட்டை மாடியில் தகரம் போட்டு இறக்கியது. பங்குனி பிறந்துவிட்டால் மத்தியானம் அதற்குள் நிற்க முடியாது. பெட்டிக்கு உள்ளே பிராசஸர் என்று ஒரு சில்லு இருக்கிறதாம். மூளை மாதிரி. அளவுக்கு மேல் சூடு ஏறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காக அது பட்டென்று அணைந்துவிடும். படம் பாதியில் போய்விடும். மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

தேனியில் கடைக்குத் தூக்கிப் போய் ஃபேன் மாற்றிப் பார்த்தாள். ஏசி போடலாம் என்றால், இந்த வயரிங் தாங்காது என்று வீட்டுக்காரர் கையை விரித்துவிட்டார். கொச்சியில் இருந்து போன் வரும். மலையாளத்தில் பேசுவாள். என்ன பேசுகிறாள் என்று எனக்குப் பாதி புரியும். "நாளெ தராம், நாளெ தராம்" என்று அவள் கெஞ்சுவது மட்டும் முழுசாகப் புரியும்.

ஒருநாள் காலையில் சமையல்கட்டுக்கு வந்து, தண்ணீர்ப் பானையைக் கையால் தடவிக்கொண்டே நின்றாள்.

"அத்தே, இந்தப் பானையக் குடுக்கிறீகளா?"

"எதுக்குத்தா?"

"கம்ப்யூட்டருக்கு."

"ஏன், அதுக்குத் தண்ணி தவிக்குதாக்கும்?"

"ஆமாத்தே, நாக்கு வறண்டு கெடக்கு" என்று சிரித்தாள். பிறகு போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். எந்த ஊரிலோ ஒரு ஆள் குழாயை நட்டுவைத்து, தண்ணீரை மேலே இருந்து கொட்டவிட்டு, அந்தத் தண்ணீரைக் கம்ப்யூட்டருக்குள் ஓடவிட்டுக்கொண்டிருந்தான். "குளிச்சிட்டு ஈரத்தோட காத்துல நின்னா குளுருதுல்ல? ஈரம் காயும்போது சூட்டையும் தூக்கிட்டுப் போயிரும். பானை வேர்க்குதுல்ல, அதுவும் அதேதான். பானைக்குள்ள சின்ன மோட்டாரு. அது தண்ணிய டியூப் வழியா பிராசஸர்கிட்ட அனுப்பும். அங்கன சூட்ட வாங்கிக்கிட்டுத் தண்ணி திரும்பப் பானைக்கு வந்துரும். பானை அந்தச் சூட்டக் காத்துல விட்டுரும். அம்புட்டுத்தான்."

அவளுக்கு அம்புட்டுத்தான். எனக்குத் தண்ணீரும் கரண்டும் என்கிற ரெண்டு சொல்லைத் தவிர எதுவும் காதில் ஏறவில்லை. பிடித்திருந்த டம்ளரைக் கீழே வைத்தேன்.

என் வீட்டுக்காரர் கரண்டில்தான் போனார். அப்போது நாங்கள் சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம் குத்தகைக்குப் பார்த்தோம். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. மோட்டார் ரூமுக்குள் வெறுங்காலோடு, ஈரக்கையோடு போய் ஸ்டார்ட்டரைத் தொட்டிருக்கிறார். நான் கஞ்சி வாளியோடு போகிறேன், வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். கூப்பிட்டேன். திரும்பவில்லை. தோளைத் தொடக் கையை நீட்டினேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வரப்பில் இருந்து "தொடாத, தொடாத! காஞ்ச கம்பு எடு!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தார். எங்கே போவேன் காய்ந்த கம்புக்கு? கிடந்ததெல்லாம் நனைந்த கம்பு. அவர் எங்கிருந்தோ ஒன்று கொண்டுவந்து தட்டிவிட்டபோது எல்லாம் முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு என் வீட்டில் ரெண்டு வழக்கம். ஒன்று, வீட்டுக்குள்ளேயே ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டுதான் நடப்பேன். சாமி மாடத்துக்கு முன்னால் மட்டும் கழற்றுவேன். கீழ்வீட்டு அம்மாள் "நடுவீட்டுல செருப்போட திரியுறாகளே, லட்சுமி தங்குவாளா?" என்று என் காது படவே சொல்வார்கள். அதற்காகக் கழற்ற மாட்டேன். இன்னொன்று, எந்த வீட்டுக்குக் குடிபோனாலும் ஒரு மூங்கில் கம்பைப் பரணில் ஈரம் படாமல் போட்டுவைப்பேன். அது எதற்கு என்று யாரிடமும் சொன்னதில்லை. துணி எடுக்கிற கம்பு என்று நினைத்திருப்பார்கள்.

வேண்டாம் என்று மருமகளிடம் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. கொச்சி ஆபீஸ் அவளை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். பானையைக் கழுவிக் கொடுத்தேன்.

தபாலில் மீன்தொட்டிக்குப் போடுகிற மோட்டார் ஒன்று வந்தது, எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கும். தீப்பெட்டி மாதிரி, தண்ணீர் உள்ளே புகுந்து வெளியே வருகிற ஒரு செம்புப் பெட்டி வந்தது. அதைப் பிராசஸர் மேல் வைத்துத் திருகினாள். திராட்சைக்குச் சொட்டுநீர் விடுகிற மெல்லிய கறுப்பு டியூபை மகன் எங்கிருந்தோ வாங்கிவந்து போட்டுவிட்டுக் கேலி பேச ஆரம்பித்தான்.

"யம்மா, கம்ப்யூட்டருக்குச் சொட்டுநீர்ப் பாசனமா? அடுத்த மாசம் காய் பறிச்சு நானே லோடு ஏத்திருறேன்."

"நீங்க டியூபப் பிடிங்க, வாயப் பிடிக்க வேணாம்" என்றாள் மருமகள்.

பானையை ஜன்னலில், காற்று வருகிற பக்கமாக வைத்தாள். மோட்டாரை உள்ளே போட்டு, வயரை வாய் வழியாக வெளியே எடுத்து, பிளக்கில் சொருகினாள். நான் வாசல்படிக்கு வெளியே செருப்போடு நின்றேன். கம்பைப் பரணில் இருந்து எடுத்துக் கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்தேன். அவள் சுவிட்சைப் போட்டபோது கண்ணை மூடிக்கொண்டேன். "கொர்ர்" என்று மெல்லிசாக ஒரு சத்தம். ஒன்றும் நடக்கவில்லை. டியூபில் தண்ணீர் ஓடி, பானைக்குள் திரும்ப விழுந்தது.

கம்ப்யூட்டர் மூலையில் ஒரு எண் தெரியும். அதுதான் சூடு. முந்தியெல்லாம் தொண்ணூற்றைத் தாண்டிச் சிவப்பாகும். அன்றைக்கு எழுபதைத் தொட்டுவிட்டு அங்கேயே நின்றது. பானையின் உடம்பு முழுக்க வேர்த்திருந்தது. தேனிக் காற்று சும்மா இருக்குமா, வேர்வையைத் துடைத்துத் துடைத்துக்கொண்டு போனது. மருமகள் என் கையைப் பிடித்துக் குதித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதும் என் கண் அந்த வயரில்தான் இருந்தது.

அதில் இருந்து தினமும் இதுதான் எனக்கு வேலை. ரெண்டர் ஓடினால் வாசல்படியில் முருங்கைக்கீரை உருவுவதுபோல, பயறு புடைப்பதுபோல உட்கார்ந்திருப்பேன். பானை கசிந்து ஒரு சொட்டு மேஜையில் விழுந்தாலும் அவளைக் கூப்பிட்டுக் காட்டுவேன். அவள் பானைக்கு அடியில் தட்டு ஒன்று வைத்தாள். தட்டு நிறைந்துவிடுமோ என்று தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் வீட்டில் வருவது போர்த் தண்ணீர். உப்பு. கொஞ்ச நாளில் பானைக்கு வெளியே சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளை பூத்துவிட்டது. வேர்ப்பது குறைந்தது, எண் மறுபடி மேலே ஏறத் தொடங்கியது. "உப்பு அடச்சிருச்சு அத்தே, புதுப்பானை வேணும்" என்றாள். மகன் ஆண்டிபட்டிச் சந்தையில் இருந்து ஒன்று வாங்கிவந்தான். நல்ல சிவப்பு, தட்டினால் கணீர் என்றது.

எங்கள் பக்கத்தில் புதுச்சட்டி வாங்கினால் அப்படியே அடுப்பில் ஏற்ற மாட்டோம். பழக்குவோம். வடிகஞ்சியை ஊற்றி ஊறவைத்து, காயவிட்டு, உள்ளும் புறமும் எண்ணெய் தேய்த்து, லேசாகச் சூடு காட்டி எடுத்தால் மண்ணில் இருக்கிற பொடித்துளை எல்லாம் அடைபட்டு, குழம்பு கசியாது. தண்ணீர்ப் பானைக்கு அதைச் செய்வது வழக்கமில்லை. ஆனால் எனக்கு அப்போது கசியக் கூடாது என்கிற ஒன்றைத் தவிர வேறு நினைப்பு இல்லை. கரண்டுப் பக்கத்தில் வைக்கிற பானை அல்லவா. நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு மருமகளிடம் போய், "பானையப் பழக்கித் தரட்டாத்தா?" என்று கேட்டேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு நன்றாகத் தலையாட்டினாள். ரெண்டு நாள் பாடுபட்டுப் பழக்கினேன். தண்ணீர் ஊற்றி வைத்துப் பார்த்தால் ஒரு சொட்டு வெளியே வரவில்லை. வெளிப்பக்கம் காய்ந்த துணி மாதிரி இருந்தது. நெடுநாளைக்குப் பிறகு அன்று சாப்பாடு இறங்கியது.

மறுநாள் கொச்சிக்குப் பெரிய வேலை ஒன்று முடித்து அனுப்ப வேண்டும். சாயங்காலத்துக்குள் கடைசிப் படம் வராவிட்டால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவோம் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்களாம். புதுப்பானையை ஜன்னலில் ஏற்றி, காலையிலேயே ரெண்டரைப் போட்டுவிட்டாள். சித்திரை வெயில். மகன் லாரியில் போயிருந்தான்.

உச்சி நேரம் தாண்டியதும் அவள் முகம் மாறியது. எண் ஏறுகிறது. எண்பது. எண்பத்தைந்து. டியூபைத் தொட்டுப் பார்த்தாள். பானைக்குள் எட்டிப் பார்த்தாள். "மோட்டாரு ஓடுதா இல்லையான்னே தெரியலையே" என்று முணுமுணுத்தாள். எண் சிவப்பானது. அவள் நைட்டிக் கையைச் சுருட்டிவிட்டு, வெறுங்காலோடு நின்றபடி, முழங்கை வரைக்கும் கையைப் பானைக்குள் விட்டாள்.

பிளக்கைப் பிடுங்கவில்லை. சுவிட்ச் போட்டபடியே இருந்தது.

எனக்கு முதுகுதான் தெரிந்தது. கூப்பிட்டேன் என்றுதான் நினைத்தேன், குரல் வெளியே வரவில்லை. அவள் அசையாமல் நிற்கிறாள். மோட்டாரைத் துழாவிக்கொண்டு நின்றிருக்கிறாள் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்தது மோட்டார் ரூமும் திரும்பாத முதுகும்தான். கம்பை எடுத்தேன். கம்பு கையை விட்டு நழுவிப் படியில் உருண்டது. கீழே இறங்கி ஓடினேன். மாடிப்படிச் சுவரில் மெயின் இருக்கிறது. ரெண்டு கையாலும் தொங்கி இழுத்து இறக்கினேன்.

வீடு அடங்கிப்போனது. மேலே இருந்து "கீ... கீ..." என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. அவள் ஈரக்கையோடு படிக்கு ஓடிவந்தாள். உயிரோடு ஓடிவந்தாள்.

"அத்தே, கரண்டு போயிருச்சா?"

"நாந்தாந்தா எறக்கினேன்."

"ஏன்த்தே! யூபிஎஸ் கத்துது, கொஞ்ச நேரந்தான் தாங்கும். மேல தூக்குங்க! படம் முடியப்போகுது!"

நான் மெயின் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். "மாட்டேன் தாயி. நீ பானைக்குள்ள கைய விட மாட்டேன்னு சொல்லு."

"எடுத்துட்டேன்ல, இந்தா பாருங்க கை! தள்ளுங்கத்தே!"

"மாட்டேன்."

இத்தனை வருசத்தில் அவளிடம் நான் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல். அவள் என் தோளைப் பிடித்தாள். இழுக்கவில்லை. என் உடம்பு ஆடுகிற ஆட்டம் அவள் கைக்குத் தெரிந்திருக்கும். மேலே கீ கீ சத்தம் வேகமாகி, பிறகு நின்றுபோனது. அவளும் கையை எடுத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். காலடியில் கம்பு கிடந்தது.

"இது எதுக்கு மேல இருந்து விழுந்துச்சு?"

அப்போதுதான் சொன்னேன். அவர் கரண்டில் இறந்தார் என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும். முதுகை, நனைந்த கம்புகளை, நான் நீட்டிய கையை எல்லாம் அன்றைக்குத்தான் முதலில் சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னேன். அவள் கம்பை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

கொஞ்சம் கழித்து மெல்லச் சொன்னாள். "அத்தே, அந்தப் பம்போட பிளக்கும் யூபிஎஸ்லதான் இருக்கு. நீங்க மெயின எறக்குனது அதுக்குத் தெரியவே தெரியாது."

எனக்கு விளங்கவில்லை. யூபிஎஸ் என்பது மெயின் போனாலும் கொஞ்ச நேரம் கரண்டு கொடுக்கிற பேட்டரிப் பெட்டி என்று அவள் விளக்கினாள். நான் மெயினை இறக்கிய பிறகும் அந்தத் தண்ணீருக்குள் மோட்டாருக்குக் கரண்டு போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது. அவள் கை தப்பியது, சத்தம் கேட்டு வெளியே எடுத்ததால்தான். நான் ஓடியது, தொங்கியது, பிடித்துக்கொண்டு நின்றது எதுவும் அவளைக் காப்பாற்றியிருக்காது. அதைக் கேட்ட பிறகு எனக்கு முந்தியதைவிடப் பயம் அதிகமாகிவிட்டது. அது இன்னும் போகவில்லை.

அவள் மேலே போய் ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கினாள். பானையைத் தொட்டுப் பார்த்தாள். திரும்பத் தடவினாள். மூக்கைக் கிட்டே கொண்டுபோனாள்.

"அத்தே... இதுக்கு நல்லெண்ணெய் தேச்சீகளா?"

"பழக்கட்டான்னு கேட்டேன்லத்தா. நீ தலையாட்டுனியே."

"நான் ஆபீஸ்காரிக்குல்ல தலையாட்டுனேன்!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். "பானை வேர்க்கவே இல்ல. அதான் சூடு எங்கயும் போகல. மோட்டாரு பாவம் நல்லாத்தான் ஓடியிருக்கு." பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன். தொடலாமா என்று தெரியாமல், ஈரமாக இருந்த அவள் கையை என் முந்தானையால் துடைத்துவிட்டேன்.

கொச்சிக்குப் போன் போட்டாள். மாமியார் மெயினை இறக்கிவிட்டாள் என்று சொல்லப்போகிறாள் என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். "கரண்டு போயி" என்று மட்டும்தான் சொன்னாள். ரொம்ப நேரம் பேசினாள். மறுநாள் காலை வரைக்கும் தவணை கிடைத்தது.

பழக்கிய பானை இனி எதற்கும் ஆகாது, மீன்குழம்புக்குத்தான் ஆகும். பழைய பானையை எடுத்துவந்து மொட்டை மாடியில் வைத்து, புளியும் தேங்காய் நாரும் போட்டு ரெண்டு பேரும் தேய்த்தோம். உப்பு கரைந்து மண் நிறம் தெரிந்தது. கேன் தண்ணீர் ஊற்றினோம். பொழுது சாய்கிற காற்றில் பானை மெல்ல வேர்க்கத் தொடங்கியதை ரெண்டு பேரும் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தோம். காலையில் நான் எழுந்து பார்க்கும்போது படம் வந்திருந்தது. அவள் கம்ப்யூட்டர் மேஜையில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைத்தேன்.

மகன் வந்ததும் டெஸ்டரைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தான். எரியவில்லை. "யம்மா, இது மீன் நீந்துற தண்ணிக்குள்ள போடுற மோட்டாரு. சுத்தி அடைச்சிருக்கு. மீனே சாகல, மனுசி சாவாளா?"

"இன்னிக்கு அடைச்சிருக்கு. சுத்தியிருக்கிறது வெடிச்சா?" என்றாள் மருமகள்.

 அப்பா போகும்போது அவன் என் இடுப்பு உயரம்கூட இல்லை. டெஸ்டரைத் துடைத்துச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டு, கதவுக்குப் பின்னால் இருந்த கம்பைக் கொஞ்ச நேரம் பார்த்தான். கம்பு எதற்கு என்று மருமகள் அவனிடம் சொல்லியிருந்தாள்.

இப்போது அவள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறாள். பானையைத் தொடும் முன்னால் பிளக்கைக் கையில் பிடுங்கி எடுத்துக்கொண்டு, "பிடுங்கிட்டேன் அத்தே!" என்று சத்தம் கொடுப்பாள். நான் எங்கே இருந்தாலும் "சரித்தா" என்பேன். அதற்குப் பிறகுதான் கையை விடுவாள். வீட்டுக்குள் அவளும் ரப்பர் செருப்புப் போடுகிறாள். கீழ்வீட்டு அம்மாளுக்கு இப்போது ரெண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆனாலும் அவள் சத்தம் கொடுக்க மறந்து கையை விடுகிற மாதிரி அடிக்கடி தோன்றும். குளிக்கும்போது தோன்றும், பாதியில் ஈரத்தோடு வந்து எட்டிப் பார்ப்பேன். ஈரத்தோடு நான் அங்கே போகலாமா என்பதும் அப்புறம்தான் உறைக்கும்.

கேட்க வேண்டியது இருக்கிறது என்று முதலில் எழுதினேன். இதுதான். அந்த மாதிரி மோட்டார் ஓடுகிற தண்ணீரில் வெறுங்காலோடு நின்று கையை விட்டால் ஆளை அடிக்குமா, அடிக்காதா? மகன் ஒன்று சொல்கிறான், மருமகள் ஒன்று சொல்கிறாள். மெயினை இறக்கினாலும் யூபிஎஸ்ஸில் கரண்டு இருக்கும் என்று நான் எழுதியது சரிதானா? எண்பது, எண்பத்தைந்து என்ற கணக்கும் சரியாக நினைவில் இல்லை. கரண்டு வேலை தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தப்பாக எழுதியிருக்கிற இடத்தைத் திருத்திச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் நான் எதைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும் என்பதை மட்டும், எனக்குப் புரிகிற மாதிரி, பெரிய எழுத்தில் எழுதிச் சொல்ல வேண்டும்.